உயிர் காத்த நண்பரின் தவறை அவரிடமே எப்படிச் சொல்வது?

வயல்வரம்பு எழுதியது:

எல்லோருக்கும் கர்த்தருடைய நாமத்தில் வணக்கம். நான் கிளிநொச்சி மாவட்டத்தில், இரணைமடுக் குளத்து நீரை நம்பிப் பயிர் செய்யும் ஊர்களில் ஒன்றில் வாழ்கிறேன். பல நாட்களாக என் நித்திரையைக் கெடுத்துக்கொண்டிருக்கும் ஒரு விடயத்தை உங்கள் முன் வைக்கிறேன். ஊரின் பெயரையும் ஆட்களின் பெயரையும் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். ஊகிக்க முயலவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். ஒரே ஞாயிறு பள்ளியில் படித்தோம், ஒரே நாளில் திடப்படுத்தல் பெற்றோம். 2009ஆம் ஆண்டு மே மாதத்தில், போரின் இறுதி நாட்களில், வட்டுவாகல் பாலத்தை நோக்கிச் சனத்தோடு சனமாக நடந்தபோது, காலில் காயம்பட்டிருந்த என் தாயாரைத் தன் முதுகில் சுமந்து வந்தவர் அவர்தான். என் இரண்டு கைகளிலும் பிள்ளைகள் இருந்தார்கள். அம்மாவைத் தூக்குவதற்காக அவர் தன் பையை வழியில் போட்டுவிட்டு வந்தார். அந்தப் பைக்குள் அவருடைய காணிப் பத்திரங்கள் இருந்தன என்பதை, இடம்பெயர்ந்த எங்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் வைத்துத்தான் அறிந்தேன். அதையும் அவர் சொல்லவில்லை, அவருடைய மனைவி சொன்னார். மீள்குடியேறிய பிறகு என் தாயார் எட்டு ஆண்டுகள் எங்களோடு இருந்து, பேரப்பிள்ளைகளைக் கண்டு, தன் கட்டிலிலேயே கண்மூடினார்.

எங்கள் ஆலயத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு மரணாதாரச் சங்கம் நடத்துகின்றன. மாதம் 200 ரூபாய் சந்தா. ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால் பெட்டிக்கும் பந்தலுக்குமாக அன்றைக்கே 50,000 ரூபாய் கொடுக்கப்படும். நண்பர் ஆறு ஆண்டுகளாகப் பொருளாளர். இந்த ஆண்டு கணக்கைப் பரிசோதிக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். கணக்குப் புத்தகத்தை வங்கிப் புத்தகத்தோடு வைத்துப் பார்த்தபோது, முன்னைய ஆண்டில் கொடுத்து முடிந்த இரண்டு உதவிகள் இந்த ஆண்டும் கொடுக்கப்பட்டதாக எழுதப்பட்டிருப்பதைக் கண்டேன். ஒரு இலட்சம் ரூபாய். காரணமும் எனக்குத் தெரியும். சென்ற காலபோகத்தில், அதாவது மாரிகாலப் பயிர்ச்செய்கையில், வெள்ளம் அவருடைய மூன்று ஏக்கரையும் அழித்துவிட்டது. பசளைக் கடையில் கடன் நின்றது. மூத்த மகள் வெளியூரில் தங்கிப் படிக்கிறாள்.

பொதுக்கூட்டத்துக்கு இன்னும் மூன்று கிழமைகள் இருக்கின்றன. என்னிடம் இரண்டு பசுக்கள் உள்ளன. அவற்றை விற்று, யாருக்கும், அவருக்குங்கூடத் தெரியாமல் அந்தப் பணத்தை வங்கியில் போட்டுவிட்டுக் கையொப்பமிட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். "அன்பு திரளான பாவங்களை மூடும்" என்று பேதுரு எழுதியிருக்கிறார் அல்லவா? என் தாயாரைச் சுமந்த மனிதரின் முகத்தைப் பார்த்து, நீ களவெடுத்தாய் என்று எந்த வாயால் சொல்வேன்?

செம்மண் எழுதியது:

தம்பி, கையொப்பமிடாதீர்கள். நான் வவுனியாவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் படிப்பித்தவன். சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாது. அவருக்கு நன்றி செலுத்த வேண்டியவர் நீங்கள். பணமோ சங்கத்துக் குடும்பங்களுடையது. உங்களுடைய கடனை அவர்களுடைய காசில் தீர்க்க முடியாது. நாளைக்கே ஒரே கிழமையில் மூன்று சாவு விழுந்தால் மூன்றாவது வீட்டுக்கு என்ன கொடுப்பீர்கள்?

லேவியராகமம் பத்தொன்பதாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். "பிறனிலும் அன்புகூருவாயாக" என்று நாம் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லும் கட்டளை பதினெட்டாம் வசனத்தில் இருக்கிறது. அதற்கு முந்திய வசனம், சகோதரனை உள்ளத்தில் பகைக்கக்கூடாது, அவனை எப்படியும் கடிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அவன் நிமித்தம் பாவம் உன்மேல் சுமரும் என்ற கருத்தைச் சொல்கிறது. இயேசு பெரிய கட்டளைகளில் இரண்டாவதாக எடுத்துக்கொண்ட வசனம் எந்த வசனத்துக்கு அடுத்து நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். கடிந்துகொள்ளுதல் அன்புக்கு வெளியே உள்ள காரியம் என்றால் மோசே அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக எழுதியிருக்க மாட்டார்.

பாலைநிழல் எழுதியது:

செம்மண் ஐயா சொன்ன வசனத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் கடிந்துகொள்ளப்பட்டவளின் பக்கத்திலிருந்தும் ஒருத்தி எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் வாழ்கிறேன். கணவர் 2009 முதல் இல்லை. இறந்தார் என்று சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லாததால் "இல்லை" என்று மட்டும் எழுதுகிறேன். மீள்குடியேறிய தொடக்க காலத்தில் ஏறத்தாழ ஒரு வருடம் நான் ஆலயத்துக்குப் போகவில்லை. ஒரு நாள் மாலை, நெடுநாள் தோழி ஒருத்தி இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, முற்றத்தில் நின்றபடியே, சபை கூடிவருதலை விட்டுவிடக்கூடாது என்ற வசனத்தை எனக்கு வாசித்துக் காட்டினாள். அவள் சொன்னது பொய்யன்று. ஆனால் ஆலயம் ஒன்பது கிலோமீற்றர் தூரத்தில் இருந்தது. பேருந்துக் காசுக்கும் மகனின் கொப்பிக்கும் இடையே நான் ஒவ்வொரு கிழமையும் தெரிவுசெய்துகொண்டிருந்தேன். அதை ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் பெயர் ஜெபக்குறிப்பாக வாசிக்கப்பட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். ஒருத்தியைப் பற்றிப் பத்துப் பேரிடம் பேசிவிட்டு அதற்கு ஜெபம் என்று பெயர் வைப்பதைப் போல என்னைக் காயப்படுத்தியது வேறு எதுவும் இல்லை.

யோபுவின் நண்பர்கள் மூவரும் அவனோடு ஏழு நாள் இரவும் பகலும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவனுடைய துக்கம் மகா கொடியது என்று கண்டு ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த ஏழு நாளும் அவர்கள் நல்ல நண்பர்களாக இருந்தார்கள். அவன் ஏதோ பாவம் செய்திருக்க வேண்டும் என்று, அவனிடம் கேட்டறியாமலே, முடிவுகட்டிப் பேசத் தொடங்கியபோதுதான் கெட்டுப்போனார்கள். கடைசியில் கர்த்தர் கோபங்கொண்டது யோபுவின்மேல் அன்று, அந்த நண்பர்கள்மேல்.

ஆகையால் அண்ணா, போங்கள். ஆனால் கணக்கைச் சொல்வதற்கு முன் அவரைக் கேளுங்கள். வெள்ளத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று யாராவது கேட்டார்களா?

வயல்வரம்பு எழுதியது:

சகோதரி, நீங்கள் கடைசியாகக் கேட்டது என்னைத் தாக்கிவிட்டது. வெள்ளம் வடிந்த பிறகு நான் அவருடைய வரம்பு கட்டுவதற்கு இரண்டு நாள் உதவிக்குப் போனேன். கடனைப் பற்றிக் கேட்கவில்லை. அவர் மானமுள்ளவர், கேட்டால் வருந்துவார் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். கேட்டிருந்தால் அன்றே ஒரு பசுவை விற்றிருப்பேன். என் கேள்வி இப்போது இன்னும் சிக்கலாகிவிட்டது.

மணற்கரை எழுதியது:

நானும் முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவன்; தகப்பனார் கடற்றொழிலாளி. கலாத்தியர் ஆறாம் அதிகாரத்தின் முதல் வசனத்தைப் பற்றி எங்கள் குருவானவர் ஒரு மறையுரையில் சொன்ன செய்தி எனக்கு மறக்கவே இல்லை. குற்றத்தில் அகப்பட்டவனைச் சாந்தமுள்ள ஆவியோடு "சீர்பொருந்தப்பண்ணுங்கள்" என்று பவுல் எழுதுகிறார். அங்கே அவர் கையாளும் கிரேக்க வினைச்சொல்தான், செபதேயுவின் பிள்ளைகளாகிய யாக்கோபும் யோவானும் படகில் இருந்து வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று மத்தேயு எழுதும் இடத்திலும் வருகிறது. பவுல் சொல்வது ஒருவகையில் வலை பொத்துகிற வேலை.

வலை பொத்துவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அப்பா கிழிந்த வலையைத் திட்டியதை நான் கண்டதில்லை. நல்ல வெளிச்சத்தில் மணலில் விரித்துப்போட்டு, கிழிசல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று முதலில் விரலால் தடவிப் பார்ப்பார். பிய்ந்து தொங்கும் நூல்களை வெட்டிவிடுவார். வெட்டாமல் முடிச்சுப் போட்டால் அந்த முடிச்சு நிற்காது. பிறகு பழைய கண்ணின் அளவுக்கே புதுக் கண்ணைப் போடுவார். கொஞ்சம் இறுக்கி இழுத்துவிட்டால் பக்கத்திலுள்ள நல்ல கண் பிரிந்துவிடும் என்பார். உங்களுடைய மறைவான பணம் வெட்டாமல் போடும் முடிச்சு என்று எனக்குத் தோன்றுகிறது. கூட்டத்தில் வைத்து எடுத்த எடுப்பிலேயே சொல்வது இறுக்கி இழுப்பது.

இன்னொன்றும் உண்டு. பேதுரு இயேசுவை அறியேன் என்று மூன்று தரம் மறுதலித்தது ஒரு கரிநெருப்பின் அருகே குளிர்காய்ந்துகொண்டு நின்றபோது. உயிர்த்தெழுந்த இயேசு அவரிடம் மூன்று தரம் கேட்டதும் கரையில் ஒரு கரிநெருப்பு மூட்டியிருந்த இடத்தில்தான். நடந்ததை அவர் மறைத்துவிடவில்லை. பேதுரு துக்கப்படும் அளவுக்குக் கேட்டார். ஆனால் கேள்விக்கு முன் மீனும் அப்பமும் கொடுத்துச் சாப்பிட வைத்தார். கேட்டு முடித்த பிறகு ஆடுகளை மேய்க்கும் பொறுப்பையும் கொடுத்தார்.

ஓய்வுபெற்ற ஊழியர் எழுதியது:

அன்பான தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். வன்னியில் நெடுங்காலம் ஊழியம் செய்தவன் என்ற முறையில், மற்றவர்கள் தொடாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

எங்களுடைய மக்களிடையே ஒருவரின் தவறை எடுத்துச் சொல்வது வேறெங்கும் இல்லாத அளவுக்குக் கடினமாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. போர்க்காலத்திலும் அதற்குப் பிந்திய ஆண்டுகளிலும், ஒருவர் இன்னொருவரைப் பற்றிச் சொன்ன ஒரு சொல் உயிரையே கொண்டுபோகக்கூடியதாக இருந்தது. காட்டிக்கொடுத்தல் என்ற சொல்லை நாம் அச்சத்தோடு கற்றுக்கொண்டோம். எதைக் கண்டாலும் வாயைத் திறக்காதிருப்பதே விசுவாசமான நட்பு என்ற எண்ணம் எங்களுக்குள் ஊறிவிட்டது. அந்தக் காலத்தில் அது பல உயிர்களைக் காத்தது என்பதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அந்த மௌனத்தை இன்று ஒரு மரணாதாரச் சங்கத்தின் கணக்குப் புத்தகத்துக்கும் நீட்டிக்கொண்டிருக்கிறோம்.

நம்முடைய வேதாகமத்திலும் காட்டிக்கொடுத்தவன் என்ற சொல் யூதாசைக் குறித்தே வருகிறது. அவன் எப்படிக் காட்டிக்கொடுத்தான்? முத்தமிட்டு. "சிநேகிதன் அடிக்கும் அடிகள் உண்மையானவைகள், சத்துரு இடும் முத்தங்களோ வஞ்சனையுள்ளவைகள்" என்ற நீதிமொழியை யூதாஸ் முத்தமிட்ட அந்த இரவோடு சேர்த்து வாசியுங்கள். ஒருவருடைய தவறை அவருடைய முகத்துக்கு முன், அவருடைய நன்மைக்காகச் சொல்வது காட்டிக்கொடுத்தல் ஆகாது. முதலில் வேறு யாரிடம் போய்ச் சொல்கிறோம் என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. "நீயும் அவனும் தனித்திருக்கையில், அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து" என்று ஆண்டவர் சொன்னதன் பாதுகாப்பு அதுவே. அதன் முடிவாக அவர் சொன்னதையும் பாருங்கள்: சகோதரனை ஆதாயப்படுத்திக்கொண்டாய் என்கிறார். வழக்கை வென்றாய் என்று அவர் சொல்லவில்லை.

பேதுருவின் வசனத்துக்கு வருகிறேன். அன்பு பாவத்தை மூடும் என்பது உண்மை. ஊர் வாய்க்கு எட்டாதபடி மூடுவது அன்பின் வேலை. அந்த மனிதரின் கண்ணுக்கே எட்டாதபடி மூடினால், அவர் தன் பாவத்தோடு தனியே விடப்படுகிறார். நீங்கள் பசுக்களை விற்று வங்கியில் பணத்தைப் போட்ட பிறகு அவர் என்ன செய்வார் என்று எண்ணிப் பாருங்கள். கணக்கு எப்படியோ சரியாகிவிட்டது என்று கண்டு திகைப்பார். யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்று ஒவ்வொரு முகமாகத் தேடுவார். ஞாயிறுதோறும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாவ அறிக்கை சொல்வார். அவரை அந்த இடத்தில் விட்டுவைப்பதா உங்கள் நன்றி?

அந்தியோகியாவில் பேதுரு புறசாதி விசுவாசிகளோடு சாப்பிடுவதை விட்டு விலகியபோது, பவுல் அவரை முகமுகமாய் எதிர்த்தார். அது எல்லோருக்கும் முன்னால் நடந்தது, ஏனென்றால் விலகியதும் எல்லோருக்கும் முன்னால்தான். உங்கள் நண்பருடைய காரியம் இப்போது உங்கள் இருவருக்கும் மட்டுமே தெரியும். ஆகவே தனிமையில் தொடங்க வேண்டும். ஆனால் பணம் பொதுப் பணம் என்பதால் அது தனிமையில் முடியவும் முடியாது. அவர் தானே எழுந்து சொல்ல வேண்டும். அந்தியோகியாவின் பிந்திய கதையையும் மறக்கவேண்டாம்: பேதுருவின் இரண்டாம் நிருபத்தில் "நமக்குப் பிரியமான சகோதரனாகிய பவுல்" என்ற சொற்கள் இருக்கின்றன.

மணற்கரை தம்பி எடுத்துக்காட்டிய வசனத்துக்கு அடுத்த வசனம், ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கும்படி சொல்கிறது. சீர்ப்படுத்தப் போகிறவர் தோளையும் கொண்டுபோக வேண்டும். பசுக்களை விற்கும் எண்ணத்தைக் கைவிடாதீர்கள்; மறைவாகச் செய்வதை மட்டும் கைவிடுங்கள். அவருக்கு முன்னால் வைத்துச் சொல்லுங்கள்.

செம்மண் எழுதியது:

ஐயா எழுதியதை வாசித்த பிறகு என் முதற் பதிவு மிகவும் கடுமையாக இருந்ததாக உணர்கிறேன். கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை, தொனியை மாற்றிக்கொள்கிறேன். வகுப்பில் நான் பலமுறை படிப்பித்த குறள் ஒன்று இருக்கிறது: "அழச்சொல்லி அல்லது இடித்து வழக்கறிய வல்லார்நட்பு ஆய்ந்து கொளல்." அழும்படி சொல்வதையும் இடித்துரைப்பதையும் மாணவர்களுக்கு அழுத்திச் சொல்லியிருக்கிறேன். "வழக்கறிய வல்லார்" என்பதை வேகமாகக் கடந்துவிடுவேன். உலக வழக்கை, அந்த ஆளின் நிலையை, நேரத்தை அறிந்தவருக்கே அழச்சொல்லும் தகுதி உண்டு என்று பாலைநிழல் சகோதரியின் பதிவு எனக்குக் காட்டியது. அவருடைய முற்றத்தில் நின்று வசனம் வாசித்தவர்களுக்கு அந்த அறிவு இருக்கவில்லை.

பாலைநிழல் எழுதியது:

நன்றி ஐயா. அந்தத் தோழி இரண்டு வருடம் கழித்துத் தனியே வந்து மன்னிப்புக் கேட்டாள் என்பதையும் நான் எழுதியிருக்க வேண்டும். இப்போது அவள் என் தவறுகளைச் சொல்கிறாள், நானும் கேட்கிறேன்.

வயல்வரம்பு எழுதியது:

ஒரு மாதத்துக்குப் பிறகு எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னியுங்கள்.

நான் அவருடைய வீட்டுக்குப் போகவில்லை. மனைவி பிள்ளைகளின் முன் அந்தப் பேச்சு வேண்டாம் என்று நினைத்தேன். மாலையில் அவர் வாய்க்காலடியில் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்த நேரம் பார்த்துப் போனேன். வீட்டிலிருந்து தேநீரும் அவித்த மரவள்ளிக்கிழங்கும் கொண்டுபோனேன். சாப்பிட்டோம். முதலில் என் தவறைச் சொன்னேன்: வெள்ளத்துக்குப் பிறகு உன் கடனைப் பற்றிக் கேட்காமல் விட்டது என் பிழை என்றேன். பிறகு கணக்குப் புத்தகத்தில் கண்டதைத் திகதியோடு சொன்னேன். களவு என்ற சொல்லை நான் பாவிக்கவில்லை. ஆனால் தொகையைக் குறைத்தும் சொல்லவில்லை.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு எழுந்து, "அன்றைக்கு உன் அம்மாவைத் தூக்கும்போது நான் கணக்குப் பார்த்தேனா?" என்று கேட்டார். நான் பயந்திருந்த கேள்வி அதுவே. எனக்குப் பதில் வரவில்லை, அழுதுவிட்டேன். நீ கணக்குப் பார்க்காததால்தான் உன்னிடம் பொய்க் கணக்கு இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை என்று பிறகு எப்படியோ சொன்னேன். பசுக்களைப் பற்றியும் சொன்னேன். அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஐந்து நாட்கள் பேச்சு இல்லை. ஆறாம் நாள் இரவு கணக்குப் புத்தகத்தோடு வந்தார். என் விறாந்தையில் உட்கார்ந்து, பொய்யாக எழுதிய இரண்டு வரிகளையும் தானே கோடிட்டு வெட்டி, பக்கத்தில் உண்மையை எழுதிக் கையொப்பமிட்டார். பசுக்களை விற்க அவர் சம்மதிக்கவில்லை. கூட்டத்தில் நான் பேசும்போது நீ எனக்குப் பக்கத்தில் நில் என்று மட்டும் கேட்டார்.

நின்றேன். அவர் ஐந்து நிமிடத்துக்கும் குறைவாகவே பேசினார். சிலர் அழுதார்கள். சிலர் கடுமையாகப் பேசினார்கள், அதற்கு அவர்களுக்கு உரிமை இருந்தது. வயதான ஒரு அம்மா எழுந்து, என் மனுசன் அந்த நாட்களில் கட்டிலில் கிடந்தார், அவர் போயிருந்தால் என்னை என்ன செய்யச் சொல்லியிருப்பாய் என்று கேட்டார். அதற்கு அவர் தலைகுனிந்து நின்றார். எனக்கும் தலை நிமிரவில்லை. இரண்டு போகத்தில் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்றும் பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் தீர்மானித்தார்கள். அவர் ஏற்றுக்கொண்டார்.

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று எழுத முடியாது. கூட்டத்துக்குப் பிறகு வந்த இரண்டு ஞாயிறும் அவர் ஆலயத்தில் வேறு வாங்கில் உட்கார்ந்தார். ஆராதனை முடிந்ததும் தலையசைத்துவிட்டுப் போய்விடுவார். அவருக்கு அந்தத் தூரம் தேவைப்படுகிறது என்று எண்ணி நானும் நெருக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் அவருடைய வரம்பு வழியாகவே என் வயலுக்குப் போய்வந்தேன்.

நேற்று மாலை அவருடைய இளைய மகன் சைக்கிளில் வந்தான். நாளைக்குக் காலையில் வயல் வெட்டுகிறார்களாம், இந்த முறை நல்ல விளைச்சலாம், சாக்குப் பிடிக்க ஆள் போதாது, மாமாவை வரட்டாம் என்று அப்பா சொன்னார் என்றான். விடிய ஐந்தரைக்குப் போக வேண்டும் என்பதால் இத்தோடு நிறுத்துகிறேன்.